தூர தேசம் போகிறவர்களுக்கு ஒரு தேகாரோக்கியப் பாடம்



1542-ம் வருஷம் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த அர்ச். பிரான்சிஸ் சவேரியார், அதன்பின் பத்து வருஷ காலம் கடலிலும் கரையிலும் ஓயாமல் பிரயாணம் செய்தார் என்பது யாவரும் அறிந்ததே. கடைசியில் சீன தேசத்துக்குள் பிரவேசிக்க வேண்டுமென்று, தென்சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் என்னும் சிறு தீவில் படகுக்காகக் காத்திருந்தார். காத்திருந்த இடத்தில் சுரம் கண்டது. நல்ல வைத்தியமில்லை, தகுந்த மருந்தில்லை. அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, 1552 டிசம்பர் 3-ந் தேதி ஒரு குடிசையில் உயிர் நீத்தார். வயது 46.

இப்படியே 1857-ல் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குப் போன தானியேல் கொம்போனி என்பவரின் தோழர்களில் பலர் சில மாதங்களுக்குள்ளாகவே சுரத்துக்கு இரையானார்கள். அவரும் 1881-ல் கார்ட்டூம் நகரில் தமது 50-ம் வயதில் அதே விதமாய் மாண்டார்.

இவர்கள் அசட்டையினால் மாண்டவர்களல்ல. அந்தச் சுரம் எதனால் வருகிறதென்று அன்று யாருக்கும் தெரியாது. இன்றோ காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். தெரிந்திருந்தும் வெறுங்கையோடு புறப்படுவதைத் தைரியம் என்று சொல்ல முடியாது.

நம் வீடுகளிலிருந்து இன்று அநேகர் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். கன்னியர்கள் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கும், ஆசிரியர்கள் பள்ளிக்கூட வேலைக்கும், வாலிபர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஆழ்துளைக் கிணறு தோண்டவும் போகிறார்கள். பட்டணத்தில் இருப்பவர்களைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. காங்கோவிலோ, உகாண்டாவிலோ, தான்சானியாவிலோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பிரயாணமுள்ள குக்கிராமத்தில் இருக்கப் போகிறவர்களுக்காகவே இந்தப் பாடம். வழியனுப்புகிற தாய் தகப்பன்மாரும் இதை வாசிக்க வேண்டும். ஏனென்றால் பெட்டி கட்டுகிறவர்கள் அவர்கள்தானே. ஊறுகாய்க்கும் பொடிக்கும் செலவழிக்கிற கவலையில் பாதியை இதற்கும் செலவழித்தால் போதும்.

1. முதல் வேலை: ஒளிக்காமல் சொல்லுதல்

பிரயாணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வைத்தியரைப் பார்க்க வேண்டும். டிக்கெட் கையில் வந்தபின் கடைசி வாரத்தில் ஓடினால், சில ஊசிகளைப் போட்டும் பயனில்லாமல் போகும். அதற்கு மேலாக, வைத்தியரிடம் மறைக்காமல் பேச வேண்டும்.

சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, முன்பு வந்துபோன மனக்கலக்கம் ஆகியவற்றைச் சிலர் மூடி வைக்கிறார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ, மேலதிகாரி அனுப்பமாட்டாரோ என்ற பயம். சில சமயம் பெற்றோரே, "அதைச் சொல்லாதே, வெளியில் தெரியவேண்டாம்" என்று புத்தி சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். இங்கே மறைத்த வியாதி அங்கே மறைந்திருக்குமா? மாத்திரை தீர்ந்த அன்றைக்கு அது வெளியே வந்து நிற்கும், அப்போது பக்கத்தில் வைத்தியர் இருக்கமாட்டார். உண்மையைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தகுந்த மருந்துகளோடு நிம்மதியாய்ப் போய் வரலாம். போகக்கூடாதவர் யாரோ ஒருவர் இருந்தால், அதைப் புறப்படுமுன் அறிவது அவருக்கு நஷ்டமல்ல.

பல் வைத்தியரையும் ஒருமுறை பார்த்து வருவது நல்லது. சொத்தைப் பல் அற்பமாய்த் தோன்றும், ஆனால் நடுக்காட்டில் இரவு முழுதும் குத்தினால் அதன் அருமை தெரியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளட்டும். இரத்த வகையைத் தெரிந்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

2. தடுப்பூசிகள்

இவற்றில் சட்டப்படி கட்டாயமானது மஞ்சள் காய்ச்சல் ஊசி. நம் ஊரில் மஞ்சட்காமாலை என்று சொல்கிறோமே, அது வேறு, இது வேறு. மஞ்சள் காய்ச்சல் கொசுவினால் பரவுவது; வந்தபின் அதைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது. ஆனால் மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி 1937-ல் கண்டுபிடித்த தடுப்பு மருந்து உண்டு. அதற்காக அவருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி போதும். அதற்கான அத்தாட்சி, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். முன்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று ஏற்பட்டிருக்கிறது.

இந்த ஊசியை எல்லா டாக்டரும் போடமுடியாது. அரசாங்கம் குறித்த நிலையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முன்னதாக விசாரித்து, பாஸ்போர்ட்டுடன் போக வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முட்டை ஒவ்வாதவர்கள், நோய் எதிர்க்கும் சக்தி குறைந்தவர்கள், அறுபது வயது கடந்தவர்கள் ஆகியோர் முதலில் டாக்டரிடம் தங்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் அட்டை இல்லாமல் காங்கோ, உகாண்டா, நைஜீரியா போன்ற தேசங்களிலிருந்து நேரே திரும்பி வந்தால், நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே தடுத்து வைக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. "சொந்த ஊருக்கு வரும்போது இதென்ன கொடுமை?" என்று கேட்பார் உண்டு. காரணம் இதுதான்: அந்தக் காய்ச்சல் இந்தியாவில் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. நோய் ஒருவர் உடம்போடு வந்துவிட்டால், மீதி வேலையைக் கொசு செய்துவிடும். ஆகையால் அந்த அட்டை நமக்கு மட்டுமல்ல, அயலாருக்கும் பாதுகாப்பு.

மற்ற ஊசிகள் கட்டாயமல்ல, ஆயினும் மிகவும் பிரயோஜனமானவை: டைபாய்டு, இரண்டு வகை ஈரல் அழற்சி, பத்து வருஷமானால் மறுபடி டெட்டனஸ் ஆகியவை. மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரையுள்ள தேசங்களில் வறட்சிக் காலத்தில் மூளைக்காய்ச்சல் பரவுவதுண்டு. அங்கே போகிறவர்களுக்கு அதற்கும் ஊசி உண்டு.

வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமத்தில் நாய் கடித்தால், வேண்டிய மருந்து கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டவருக்குக் கடிபட்டபின் சிகிச்சை சுலபம்; கிடைப்பதற்கரிய இம்யூனோகுளோபுலின் மருந்து அவருக்குத் தேவைப்படாது. ஆனால் கடித்தபின் ஊசியே வேண்டாம் என்பது தப்பு. புண்ணைச் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, மேலும் இரண்டு ஊசி போட்டே தீரவேண்டும்.

3. மலேரியா

பாடத்தில் முக்கியமான பகுதி இதுவே. "மலேரியா நமக்குத் தெரியாததா? சென்னையில் இல்லாததா?" என்று நம்மவர் சொல்லுவது வழக்கம். சென்னையில் பெரும்பாலும் கண்டது வைவாக்ஸ் என்னும் வகை. வாட்டும், ஆனால் உயிரைக் கொண்டுபோவது அபூர்வம். ஆப்பிரிக்காவில் இருப்பதோ பெரும்பாலும் பால்சிபரம் என்னும் வகை. காலையில் சாதாரணக் காய்ச்சலாய் ஆரம்பித்து, மறுநாளைக்குள் மூளையையோ சிறுநீரகத்தையோ தாக்கிவிடக்கூடியது. இங்கே பத்துமுறை மலேரியா கண்டவருக்கும் அங்கே பாதுகாப்பில்லை.

இந்நோய்க்கு மருந்து கிடைத்த கதை நமக்குச் சம்பந்தமுள்ளது. பெரு தேசத்துச் சின்கோனா மரப்பட்டையை 17-ம் நூற்றாண்டில் ரோமாபுரிக்குக் கொண்டுவந்து ஏழைகளுக்குக் கொடுத்தவர்கள் சேசு சபைக் குருக்கள். 1820-ல் பிரெஞ்சுக்காரர் இருவர் அந்தப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். 1860-க்குப் பின் நம் நீலகிரியிலும் அம்மரம் பயிராயிற்று. கொசுவின் வழியாகவே மலேரியா பரவுகிறதென்பதற்கான முதல் அத்தாட்சியை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். ஆக, கொசு கடியாதபடி பார்த்துக்கொள்வதே முதல் மருந்து.

இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை. ஆகவே மாலையில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அணிய வேண்டும். மருந்து தோய்த்த கொசுவலையை இங்கிருந்தே வாங்கிப் போவது நலம். வலையின் ஓரங்களைப் பாய்க்கடியிலோ மெத்தைக்கடியிலோ செருக வேண்டும். வெப்பமாயிருக்கிறதென்று ஒருநாள் வலையைத் தூக்கிப் போட்டால், அந்த ஒருநாளே போதும்.

அடுத்தது தடுப்பு மாத்திரை. பழைய குளோரோகுயின் இப்போது ஆப்பிரிக்காவில் பலிப்பதில்லை. அதற்குப் பதிலாக மூன்று வகை உண்டு. டாக்சிசைக்ளின் தினமும் சாப்பிடுவது. போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பியபின் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். மெப்ளோகுயின் வாரம் ஒன்று. இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கி, திரும்பியபின் நான்கு வாரம். அடோவாகுவோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரை தினமும். திரும்பியபின் ஏழு நாள் போதும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதலாவது ஆகாது. வலிப்போ மனநோயோ கண்டவருக்கு இரண்டாவது ஆகாது. முன் பாகத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றது ஏன் என்று இப்போது விளங்குமே! வருஷக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் மாத்திரையை எதுவரை தொடர்வதென்று டாக்டரிடம் தீர்மானித்துக் கொள்ளட்டும். கொசுவலை மட்டும் என்றைக்கும் வேண்டும்.

நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதுமென்று நம்புகிறவர்கள் உண்டு. கஷாயத்தைப் பழிக்கவில்லை. ஆனால் பால்சிபரம் மலேரியாவுக்கு முன்னால் அதை மாத்திரம் நம்பி நிற்கக்கூடாது.

மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் வந்தால், அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தத்தில் கால் மணி, அரை மணி நேரத்தில் காட்டிவிடும் சோதனைப் பட்டைகள் இப்போது உண்டு. ஒரு நாளைக்குள் ஆஸ்பத்திரி சேரமுடியாத இடத்தில் இருக்கப் போகிறவர்கள், அவசரத்துக்கு ஆர்ட்டிமீதர்–லூமிபான்ட்ரின் மாத்திரை ஒரு முழு அளவு கையிலிருக்கும்படி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் சாப்பிட்டபின் "தீர்ந்தது" என்று உட்கார்ந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

4. தண்ணீர்

குடிதண்ணீரைக் கொப்புளம் பொங்கக் கொதிக்கவிட்டு ஒரு நிமிஷமாவது வைத்திருக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பிரதேசத்தில் மூன்று நிமிஷம். கொதிக்க வைக்க வழியில்லாவிட்டால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருக்கவும்.

வயிற்றுப்போக்கு கண்டால் முதலில் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேச அகதிகள் போன்காவ் முகாமில் வாந்திபேதியால் குவியல் குவியலாய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலாநபிஸ் இந்தக் கரைசலைக் குடங்குடமாய்க் கலந்து, உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை சாகும் இடத்தில், இதைக் குடித்தவர்களில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து.

இன்னொரு விஷயம் நம்மவருக்கு அநேகமாய்த் தெரியாது. ஆறு குளம் கண்டால் இறங்கிக் குளிப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி, மலாவி ஏரி முதலான நன்னீர் நிலைகளில் ஒருவித நத்தையிலிருந்து வெளிப்படும் கண்ணுக்குத் தெரியாத புழு, தோலைத் துளைத்து உடம்பினுள் போய்விடும். குடிக்க வேண்டியதில்லை, முழங்கால் தண்ணீரில் நின்றாலே போதும். மாதங்கள் கழித்துச் சிறுநீரில் இரத்தம் போகும், அல்லது குடலும் ஈரலும் கெடும். இதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது. ஆனால் நம் ஊர் டாக்டருக்கு அந்த நினைவே வராது. ஆதலால் அங்கே ஏரிக் குளியல் வேண்டாம். இறங்க நேர்ந்திருந்தால் திரும்பியபின் சொல்லிப் பரிசோதித்துக் கொள்ளவும்.

5. மருந்துப் பை

தினசரி சாப்பிடும் மருந்துகளைத் தேவைக்கு மேலாகவே எடுத்து, இரண்டு பங்காக்கி, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைப் பெட்டியிலும் வையுங்கள். பெட்டி தொலைவது சகஜம். இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் இருக்கவேண்டும். விமானத்தின் அடிப்பாகத்தில் உறைந்துபோகலாம், உறைந்தது உதவாது. மின்சாரமில்லாத ஊரில் ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி நனைத்து வந்தால், உள்ளே குளிர்ச்சி நிற்கும். நம் பாட்டிமார் அறிந்த சூட்சுமந்தான்.

மற்றபடி, காய்ச்சல்மானி, பாரசிட்டமால், உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டுகள், அரிப்பு மாத்திரை, படை களிம்பு, காயத்துக்குப் பஞ்சும் துணியும் கிருமிநாசினியும், கொசு விரட்டும் களிம்பு, உறை பிரிக்காத சில ஊசிகள் இருக்கட்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவாயிருந்தால் இரத்தப்போக்கை அதிகப்படுத்தும்.

எல்லாவற்றிற்கும் டாக்டரின் கடிதம் ஒன்று வேண்டும்; அதில் கம்பெனி வைத்த பெயரல்ல, மருந்தின் மூலப்பெயர் எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் தாராளமாய்க் கிடைக்கும் மருந்து வேறு தேசத்தில் குற்றமாகலாம். டைபென்ஹைட்ரமின் அடங்கிய சளி, அரிப்பு மருந்துகளைச் சாம்பியாவுக்குக் கொண்டுபோய் அகப்பட்டுக்கொண்ட வெளிநாட்டார் உண்டு. பெயர் எழுதாத பொடிப் பொட்டலங்களை அம்மா அன்போடு கட்டிக்கொடுத்தாலும், சுங்கச் சாவடியில் அந்த அன்பை விளக்குவது கஷ்டம்.

கடைசியாக, வைத்தியச் செலவோடு, நோயாளியை வேறு ஊருக்கு விமானத்தில் எடுத்துச் செல்லும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்புகிற ஏஜெண்டு "பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால், யார், எந்தப் பணத்தில், எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல.

6. திரும்பி வந்தபின்

அநேகர் நினைவில் வைக்காதது இது. பிள்ளை சுகமாய் ஊர் வந்து சேர்ந்தான், விருந்தும் நடந்தது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் மாறினது" என்று பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். டாக்டரும் சாதாரணக் காய்ச்சலென்றே நினைக்கிறார், ஏனென்றால் அவன் எங்கிருந்து வந்தவனென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அறிவு தடுமாறுகிறது. இப்படித் தப்பியிருக்கக்கூடிய உயிர் வீட்டுக் கட்டிலிலேயே போய்விடக்கூடும்.

மலேரியாக் கிருமி உடம்பில் புகுந்து, வெளிப்பட ஏழு நாளாவது ஆகும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சில சமயம் மூன்று மாதம் கழித்தும் வரும். சில வகைகள் வருஷம் கழித்தும் தலைகாட்டும். ஆகவே ஒரு வருஷம் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்." வீட்டிலுள்ளவர்களும் இதை மனப்பாடம் செய்யட்டும்; நோயாளி பேசமுடியாமலிருந்தால் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

வீட்டில் கேட்டுச் சொல்ல வேண்டிய வினா விடை

வினா: வைத்தியரை எப்போது பார்க்க வேண்டும்?
விடை: புறப்பட ஆறு முதல் எட்டு வாரம் முன்.

வினா: மஞ்சள் காய்ச்சல் ஊசி எப்போது முதல் செல்லும்?
விடை: போட்ட பத்தாம் நாள் முதல், ஆயுள் முழுவதும்.

வினா: மலேரியாக் கொசு எப்போது கடிக்கும்?
விடை: பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை.

வினா: ஊர் திரும்பியதும் மலேரியா மாத்திரையை நிறுத்தலாமா?
விடை: கூடாது. மாத்திரையின் வகைப்படி ஏழு நாளோ நான்கு வாரமோ தொடர வேண்டும்.

வினா: திரும்பியபின் காய்ச்சல் வந்தால்?
விடை: அன்றே டாக்டரிடம் போய், எங்கிருந்து வந்தோமென்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வினா: எதை ஒளிக்கக்கூடாது?
விடை: இருக்கிற வியாதியை.

ஆபத்தான இடம் என்று தெரிந்தும் பிறருக்கு உழைக்கப் போகிறவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் போன இடத்தில் பாரமாய்ப் படுத்துவிடாமல் பணி செய்து, சுகமாய்த் திரும்ப வேண்டுமென்பதே நம் விருப்பம். வரும் மாதங்களில் உங்கள் வீட்டிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ யாராவது புறப்படுவதாயிருந்தால், இந்தத் தாளைக் கிழித்து அவர் பெட்டியின் மேல்மடிப்பில் வையுங்கள். ஒரு பிரதியை வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள், திரும்பி வந்தபின் தேவைப்படும்.